இத்தாலிய இறைச்சி உருண்டை சூப்: உருண்டை மெத்தென்று வரவும் சாறு தெளிவாக நிற்கவும் என்ன செய்ய வேண்டும்?

கோழி எலும்பை மெல்லிய தீயில் வேகவைத்து வடித்த தெளிந்த சாறு. அதில் விரல்நுனி அளவு இறைச்சி உருண்டைகள், லேசாகக் கசக்கும் கீரை, பொடி பாஸ்தா. பரிமாறும்போது மேலே துருவிய பார்மிஜானோ சீஸ். இத்தாலிய வீடுகளில் ஒரு கிண்ணம் இது இருந்தால், கூட ஒரு துண்டு ரொட்டியோடு சாப்பாடு முடிந்துவிடும். பொருட்கள் எளியவை, வேலையும் கஷ்டமில்லை. ஆனாலும் முதல்முறை செய்கிறவர்களுக்கு உருண்டை உடைந்து கரைந்துபோகும், இல்லாவிட்டால் ரப்பர் பந்துபோல இறுகிவிடும். சாறு கலங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். மூன்றுக்கும் காரணம் பெரும்பாலும் சூட்டில்தான் இருக்கிறது. இந்த சூப் எந்தக் கட்டத்திலும் தளதளவென்று கொதிக்கக் கூடாது. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்த வகை சூப்புக்கு இரண்டு ஊர்களின் வேர் உண்டு. நேப்பிள்ஸில் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் செய்யும் மினெஸ்த்ரா மரிதாத்தாவில் பன்றி விலா, சாசேஜ் போன்ற துண்டுகளைப் பலவகைக் கீரைகளோடு சேர்த்து வேகவைப்பார்கள். அதில் உருண்டை அவசியமில்லை. அப்ருட்சோ பகுதியில், குறிப்பாக தேராமோ பக்கம், சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சின்னச் சின்ன உருண்டை பிடிப்பார்கள், பெயர் பல்லொத்தீனே. அங்கே கிறிஸ்துமஸ் அன்று கார்தோனே என்ற தண்டுக்கீரையோடு அந்த உருண்டைகள் சாற்றில் மிதக்கும். 1880க்கும் 1920க்கும் இடையே தென் இத்தாலியிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே உருண்டை, எஸ்கரோல் கீரை, பொடி பாஸ்தா மூன்றும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்து இத்தாலியன் வெட்டிங் சூப் என்று பேர் வாங்கின. பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் இன்றும் அது வீட்டுச் சாப்பாடு. இங்கே சொல்லப்போவதும் அந்த வடிவம்தான்.

உருண்டை: ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் சூட்சுமம்

ஐந்து பேருக்கு அளவு இது. கொத்துக்கறி 500 கிராம், அதில் பாதி மாட்டிறைச்சி, பாதி பன்றி இறைச்சி. ஓரம் வெட்டிய பிரெட் 60 கிராம், பால் 100 மில்லி, முட்டை 1, துருவிய பார்மிஜானோ 40 கிராம், பொடியாக நறுக்கிய பார்ஸ்லி 2 மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு 1 பல், தூள் உப்பு 6 கிராம் (தலைதட்டி ஒரு தேக்கரண்டி), மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, ஜாதிக்காய் இரண்டு இழுப்பு துருவியது.

மாடும் பன்றியும் வேண்டாம் என்றால் ஆட்டுக் கொத்துக்கறி நன்றாகவே ஒத்துப்போகும். கடையில் சொல்லும்போது கொழுப்போடு, இரண்டு முறை அரைத்துத் தரச் சொல்லுங்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்க வேண்டும். கோழி என்றால் தொடைக்கறி மட்டும். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. எந்தப் பக்குவத்தில் செய்தாலும் அந்த உருண்டை வறண்டுதான் வரும்.

இந்தப் பட்டியலில் மிக முக்கியமானது பாலில் ஊறிய பிரெட். கோலா உருண்டை செய்து பழகிய கை, பொட்டுக்கடலைப் பொடிக்குப் போகும். அந்தப் பொடி கறியிலிருக்கும் ஈரத்தை இழுத்து உருண்டையைக் கெட்டிப்படுத்தும். எண்ணெயில் மொறுமொறுவென்று பொரிக்க அதுதான் சரி. சூப்புக்கு நமக்கு வேண்டியது நேர்மாறு. பிரெட்டின் மாவுச்சத்து பாலை உறிஞ்சிக் கூழாகி, அந்த ஈரத்தை வேகும் நேரம் முழுக்க விடாமல் வைத்திருக்கும். அதோடு கறியின் புரத இழைகளுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்துகொண்டு, அவை ஒன்றோடொன்று இறுகப் பிணைவதைத் தடுக்கும். உருண்டை மெத்தென்று இருப்பதற்கு இதுதான் காரணம். வெறும் கறியும் முட்டையும் மட்டும் சேர்த்தால் முட்டை வெந்து இறுகி, உருண்டையும் கூடவே இறுகிவிடும்.

பிரெட்டைப் பிய்த்துப் போட்டு, பாலை ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டு, முள்கரண்டியால் கட்டியில்லாமல் மசித்துக்கொள்ளுங்கள். பாலைப் பிழிந்து கொட்டிவிட வேண்டாம். அந்தப் பால் முழுவதும் உருண்டைக்குள் போக வேண்டியது. இனிப்பு பிரெட்டைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் காய்ந்த பிரெட் தூள்தான் இருக்கிறது என்றால் 35 கிராம் எடுத்து, அதே 100 மில்லி பாலில் ஊறவைக்கலாம்.

அடுத்து, பிசையும் முறை. மசித்த பிரெட்டிலேயே முட்டை, சீஸ், பூண்டு, பார்ஸ்லி, உப்பு, மிளகு, ஜாதிக்காய் எல்லாவற்றையும் போட்டு முதலில் ஒன்றாகக் கலக்கிவிடுங்கள். கறி கடைசியாகத்தான் வர வேண்டும், அதுவும் நேராகக் குளிர்பெட்டியிலிருந்து. ஏன் இந்த வரிசை? உப்பு பட்ட கறியைப் பிசையப் பிசைய, மயோசின் என்ற புரதம் வெளியே வந்து பிசின்போல ஒட்டும். சாசேஜ் செய்ய அந்த ஒட்டுதல் வேண்டும். சூப் உருண்டைக்கு வேண்டாம். மற்றதெல்லாம் ஏற்கெனவே கலந்திருந்தால் கறியைப் பிசையும் நேரம் குறையும். விரல்களை விரித்துவைத்து, கிளறுவதுபோல ஒரு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். வெள்ளை வெள்ளையாக பிரெட் திட்டு தெரியாமல் போனதும் கையை எடுத்துவிடுங்கள். கலவை கையில் கொஞ்சம் ஒட்டும், தளர்வாக இருக்கும். பயந்துபோய் பிரெட் தூளைக் கூட்ட வேண்டாம். மூடி அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் தானாகவே இறுகிப் பிடிக்க வாகாகிவிடும்.

உருண்டை பிடிப்பதற்கு முன் ஒன்றை மட்டும் வெந்நீரில் போட்டு வேகவைத்துச் சாப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். உப்பு போதுமா, ஒட்டி நிற்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். உடைந்தால் பிரெட் தூள் ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம். கடினமாக இருந்தால் இரண்டு மேசைக்கரண்டி பால். அறுபதையும் உருட்டி முடித்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

ஒவ்வொன்றும் 12 கிராம், குறுக்களவு 3 சென்டிமீட்டருக்குள். இந்த அளவில் சுமார் 60 வரும். சின்னதாகப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு ஸ்பூனில் ஓர் உருண்டை, கொஞ்சம் கீரை, நாலு பாஸ்தா, சாறு எல்லாம் சேர்ந்து ஏற வேண்டும். எலுமிச்சை அளவுக்குப் பிடித்தால் ஸ்பூனாலேயே வெட்டித் தின்ன வேண்டியிருக்கும். உள்ளே வேகவும் நேரமாகும், அதற்குள் வெளிப்புறம் இறுகிவிடும். தண்ணீர் தொட்ட உள்ளங்கையில் வைத்து லேசாக உருட்டினால் போதும். அழுத்தி, பளபளவென்று வரும்வரை உருட்டினால் பிசைந்ததில் காப்பாற்றிய மென்மை இங்கே போய்விடும்.

வறுப்பதா, நேராகச் சாற்றில் போடுவதா என்பதில் சமையற்காரர்களிடையே இரண்டு கட்சி உண்டு. வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பொன்னிறமாகப் புரட்டினாலோ, 220 டிகிரி அவனில் 10 நிமிடம் வைத்தாலோ, வறுத்த மணம் வரும். உருண்டை உடையும் பயமும் குறையும். தக்காளி சேர்த்த கெட்டி சூப்புக்கு அதுதான் பொருத்தம். தெளிந்த சாறுக்குப் பச்சையாக நேரே போடுவதே மேல். வறுத்த மேல்தோலுக்குப் பதிலாக மென்மை அதில் கிடைக்கும். உருண்டையிலிருந்து இறங்கும் சத்தும் சாற்றிலேயே தங்கும். உடைந்துவிடும் என்ற பயம் இருந்தால், முதல்முறை மட்டும் வறுத்துச் செய்து பாருங்கள்.

சாறு: நேரம் எடுக்கும், ஆனால் வேலை குறைவு

கோழி எலும்பு, கழுத்து, இறக்கை எல்லாம் சேர்த்து 1.2 கிலோ. கோழிக்கால் நாலைந்து கிடைத்தால் கட்டாயம் சேருங்கள். அதில் இருக்கும் ஜெலட்டின்தான் சாறுக்கு உதட்டில் ஒட்டும் கனத்தைக் கொடுக்கிறது. நன்றாகக் கழுவி, 3 லிட்டர் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றுங்கள். வெந்நீரில் போட்டால் கரைந்து வர வேண்டிய புரதம் மேலே திரண்டு வராமல், பொடிப்பொடியாகச் சாற்றிலேயே சிதறிவிடும். பச்சைத் தண்ணீர் மெதுவாகச் சூடேறும்போது அது சாம்பல் நிற நுரையாக மேலே ஒதுங்கும். முதல் 20 நிமிடம் பக்கத்திலேயே நின்று கரண்டியால் அதை எடுத்துக்கொண்டே இருங்கள். நுரை நின்ற பிறகு பாதியாக வெட்டிய வெங்காயம் 1, கேரட் 1, செலரித் தண்டு 1, பார்ஸ்லிக் காம்புகள், மிளகு 10.

நம் கடைகளில் கிடைக்கும் பிரியாணி இலையை இதில் போட வேண்டாம். இத்தாலியில் போடுவது லாரல் இலை. இரண்டும் வேறுவேறு மரம். பிரியாணி இலையின் பட்டை வாசனை இந்தச் சாறோடு சேராது. லாரல் கிடைக்காவிட்டால் இலையே இல்லாமல் செய்வது நல்லது.

இனி அடுப்பைச் சிம்மில் வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்தபடி 3 மணி நேரம். பாத்திரத்தின் ஓரத்தில் ஒரு குமிழி, சற்றுப் பொறுத்து இன்னொரு குமிழி, அவ்வளவுதான் தெரிய வேண்டும். அது கிட்டத்தட்ட 90 டிகிரி. பலமாகக் கொதித்தால் மேலே மிதக்கும் கொழுப்பு நுண்துளிகளாக உடைந்து சாற்றோடு கலந்துவிடும். சாறு பால்போலக் கலங்குவதும், குடிக்கும்போது நாக்கில் பிசுபிசுப்பதும் அதனால்தான். பிறகு எத்தனை முறை வடிகட்டினாலும் தெளியாது.

குக்கரிலும் செய்யலாம். 7.5 லிட்டர் குக்கர் வேண்டும். தண்ணீர் அதிகம் வற்றாது என்பதால் 2.5 லிட்டர் போதும். நுரை எடுத்த பிறகு மூடி, முதல் விசில் வந்ததும் தீயை மிகக் குறைத்து 45 நிமிடம். விசில் மேல் விசில் அடித்தால் உள்ளே சாறு கொந்தளிக்கிறது என்று பொருள், அது கலங்கும். அடுப்பை அணைத்ததும் விசிலைத் தூக்கி ஆவியை விடக் கூடாது, அழுத்தம் திடீரென்று இறங்கும் அந்த நொடியில் உள்ளே எல்லாம் ஒரேயடியாகக் கொதித்துவிடும். தானாக அடங்கட்டும்.

வடிகட்டும்போது எலும்பையும் காயையும் அழுத்திப் பிழியாதீர்கள். முந்தின நாளே செய்து குளிர்பெட்டியில் வைத்தால் கொழுப்பு மேலே உறைந்து நிற்கும், ஸ்பூனால் எடுத்துவிடலாம். மிகச் சிறிது கொழுப்பை மட்டும் விட்டுவையுங்கள், வாசனை அதில்தான். உப்பு இப்போது போட வேண்டாம். சாறு இன்னும் வற்றும், சீஸும் உப்பு தரும். ஸ்டாக் கியூப் பயன்படுத்துகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது பெரும்பாலும் உப்புதான்; அட்டையில் சொன்ன அளவில் பாதி போதும்.

சேர்க்கும் வரிசை

5 லிட்டர் பாத்திரத்தில் ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி. பொடியாக நறுக்கிய வெங்காயம் 100 கிராம், கேரட் 75, செலரி 50. சிம்மில் 10 நிமிடம், சிட்டிகை உப்புடன், நிறம் மாறாமல் வதக்குங்கள். கண்ணாடிபோல் ஆனால் போதும். சிவந்தால் சாறின் நிறமும் சுவையும் மாறும். இதற்கு மேல் 2 லிட்டர் சாறும், பார்மிஜானோவின் தோல் ஒரு துண்டும்.

இந்தத் தோலை பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது மெழுகோ பிளாஸ்டிக்கோ அல்ல. வெளிக்காற்று பட்டுக் காய்ந்து இறுகிய சீஸ்தான். குறைந்தது 12 மாதம் முதிரவைத்த சீஸ் என்பதால் நாக்கில் ஊறும் குளுட்டமேட் சுவை அதில் நிறைய இருக்கும். வெளிப்புறத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு, 30 நிமிடம் சாற்றில் மெல்லிய சூட்டில் கிடக்க விட்டால், அந்தச் சுவை சாற்றில் இறங்கிவிடும். அடியில் ஒட்டும், அவ்வப்போது கிளறுங்கள். பரிமாறும் முன் எடுத்துவிடலாம். மெழுகு பூசிய வேறு சீஸ்களின் தோலை மட்டும் இப்படிப் போடக் கூடாது.

உருண்டைகளை இப்போது போடலாம். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொட்டினால் குளிர்ந்த கறி சாற்றின் சூட்டை 70 டிகிரி பக்கம் இறக்கிவிடும். வெளிப்புறம் உடனே இறுகாததால் ஒன்றோடொன்று ஒட்டும், உடையும். மூன்று தவணையாக, இடையில் இரண்டு நிமிடம் விட்டு, ஒவ்வொன்றாக நழுவவிடுங்கள். முதல் இரண்டு நிமிடம் கரண்டி போடவே கூடாது. பாத்திரத்தை லேசாக ஆட்டினால் போதும். கடைசித் தவணை போட்டபின் 8 நிமிடம். மேலே மிதப்பதை வைத்து வெந்துவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. ஒன்றை வெட்டிப் பாருங்கள், நடுவில் இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. சமையல் வெப்பமானி இருந்தால் அதுவே நம்பகமானது: நடுவில் மாடு, பன்றி, ஆடு என்றால் 71 டிகிரி, கோழி என்றால் 74. அதைத் தாண்டி அரைமணி நேரம் கொதிக்கவிட்டால் புரதம் சுருங்கிச் சுருங்கி ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளும். அந்த நிலைக்குப் போன உருண்டையை மறுபடி சாற்றில் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் மென்மை திரும்பாது. மேலே கொஞ்சம் நுரை வரும், எடுத்துவிடுங்கள்.

எஸ்கரோல் 300 கிராம் என்றால், 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு அரிந்து, தனியாக உப்புத் தண்ணீரில் 2 நிமிடம் வேகவைத்து, பிழிந்து, பிறகு சூப்பில் சேர்த்து 5 நிமிடம். கசப்பு பாதியாகும், சாறின் நிறமும் கெடாது. கிடைக்காதவர்கள் கேல் போடலாம், 12 நிமிடம் வேகவேண்டும். பாலக் என்றால் அடுப்பை அணைக்கும் முன் ஒரு நிமிடம் போதும், ஆனால் கசப்பு இருக்காது. அரை எலுமிச்சையின் தோலைத் துருவிச் சேர்த்தால் சாறின் கனத்துக்கு ஒரு மாற்று கிடைக்கும். பார்ஸ்லி இல்லாத இடத்தில் கொத்துமல்லியைப் போடாதீர்கள், அதன் வாசனை மற்றதையெல்லாம் மறைத்துவிடும். செலரித் தழையின் உள்பக்கத்து இளம் இலை நல்ல மாற்று.

பாஸ்தா 120 கிராம். மிளகு அளவுக்கு இருக்கும் ஆச்சினி தி பேப்பே, இல்லாவிட்டால் ஓர்ட்சோ, தித்தலீனி, ஸ்தெல்லீனே எதுவும் சரி. தனிப் பாத்திரத்தில் வேகவைத்து, வடித்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் பிரட்டி வையுங்கள். கிண்ணத்தில் முதலில் பாஸ்தா, அதன் மேல் சூப். சூப்பிலேயே வேகவைத்தால் அந்த வேளைக்கு ருசியாகத்தான் இருக்கும். மாவுச்சத்து இறங்கிச் சாறு கொஞ்சம் கெட்டியாகும். ஆனால் மிச்சம் இருந்தால் மறுநாள் பாஸ்தா சாற்றையெல்லாம் குடித்து, ஊதிப் பெருத்து, பாத்திரத்தில் கஞ்சிதான் மிஞ்சும்.

கடைசியில் உப்புப் பாருங்கள். சப்பென்று இருப்பதாகத் தோன்றினால் பெரும்பாலும் குறைவது உப்புதான், மசாலா அல்ல. அரைத் தேக்கரண்டி போட்டு, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி பாருங்கள். வயிறு நிறைய வேண்டும் என்றால் 2 முட்டையை 2 மேசைக்கரண்டி சீஸோடு அடித்து, சாற்றை மெதுவாகச் சுற்றிக்கொண்டே நூல்போல ஊற்றலாம். அது திரிதிரியாக வெந்து நிற்கும். சாறு கொஞ்சம் கலங்கும், ஆனால் அது வேண்டி வரவழைக்கும் கலங்கல். மேலே துருவும் சீஸைக் கட்டியாக வாங்கித் துருவுங்கள். டப்பாவில் வரும் பொடியில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருட்கள் சாற்றில் கரையாமல் மணல்போல நிற்கும். பெக்கொரீனோ ரொமானோ என்ற செம்மறி ஆட்டுப்பால் சீஸ் பிடித்தவர்கள் அதையே போடலாம். உப்பு கூடுதல் என்பதால் சூப்பில் உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மிச்சத்தைப் பாஸ்தாவைத் தனியாகப் பிரித்துக் குளிர்பெட்டியில் 3 நாள் வைக்கலாம். உறைபெட்டிக்கு என்றால் பச்சை உருண்டைகளை ஒரு தட்டில் ஒட்டாமல் பரப்பி, கெட்டியான பிறகு பையில் போட்டால் இரண்டு மாதம் தாங்கும். உறைந்த நிலையிலேயே மெல்லிய சூட்டில் இருக்கும் சாற்றில் போடலாம், 4 நிமிடம் கூடுதலாக வேகட்டும். கீரையை மட்டும் உறையவைக்காதீர்கள், நாராகிவிடும். சூடுபண்ணும்போதும் சிம்தான்: சாறு ஆவி பறக்கும் அளவுக்கு வந்து, உருண்டையின் நடுவரை சூடேற 10 நிமிடம் கொடுங்கள்.